ஐந்து நாள் காதலும் அதன் உண்மையும்

ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகம் உலகமெங்கும் காதலுக்கு மறுபெயராகவே வழங்கிவருகிறது. ஆயினும் அந்த இளையோர் இருவரும் கொண்டது உண்மைக் காதல்தானா, அல்லது சாவு குறுக்கிடாமல் இருந்திருந்தால் சில மாதங்களில் தணிந்துபோயிருக்கக்கூடிய பருவ மயக்கமா என்னும் ஐயம் வகுப்பறைகளிலும் திறனாய்வு நூல்களிலும் ஓயாமல் எழுந்துகொண்டே இருக்கிறது. ஐயுறுவோருக்கு வேண்டிய சான்றுகள் நாடகத்துக்குள்ளேயே கிடக்கின்றன. ஜூலியட்டுக்கு 14 வயது நிறைய இன்னும் இரு வாரங்களுக்குச் சற்று மேல் இருக்கிறது. ஞாயிறு இரவு விருந்தில் முதற்பார்வை, திங்களன்று இரகசியத் திருமணம், செவ்வாய் விடியலில் பிரிவு என்று விரையும் கதை, ஐந்து நாள்களுக்குள் கல்லறையில் முடிந்துவிடுகிறது. இவை போதாவென்பதுபோல், நாடகம் தொடங்கும் காலையில் ரோமியோ உருகிக்கொண்டிருப்பது ஜூலியட்டுக்காக அன்று, ரோசலின் என்னும் வேறொரு பெண்ணுக்காக.

இந்த அவசரம் ஷேக்ஸ்பியருக்குக் கதையோடு கிடைத்ததன்று. அவரே வேண்டுமென்று உண்டாக்கியது. 15, 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கதாசிரியர்களான மசூச்சோ, லூயீஜி த போர்த்தோ, பந்தெல்லோ ஆகியோரின் கைகளில் வளர்ந்த இக்கதையை, ஆர்தர் புரூக் என்பவர் 1562இல் ஆங்கிலத்தில் நெடும்பாட்டாக எழுதினார். ஷேக்ஸ்பியர் முதன்மையாகப் பின்பற்றியது அந்தப் பாட்டைத்தான். புரூக்கின் நாயகிக்கு வயது 16. அவருடைய கதை பல மாதங்கள் நீள்கிறது. மணமான பின் காதலர்கள் ஓரிரு மாதங்கள் இரகசியமாகக் கூடி வாழவும் செய்கிறார்கள். ஷேக்ஸ்பியர் வயதையும் குறைத்தார், காலத்தையும் குறுக்கினார். அக்கால இங்கிலாந்தில் 12 வயதுப் பெண்ணுக்கு மணம் செய்யச் சட்டம் இடமளித்தாலும், பெண்கள் பொதுவாக இருபதுகளின் நடுவில்தான் மணந்தார்கள். 1582இல் ஷேக்ஸ்பியர் மணந்தபோது அவர் மனைவி ஆனுக்கு வயது 26. ஆகவே பதின்மூன்று வயதுப் பெண்ணின் திருமணம் அன்றைய அரங்கில் அமர்ந்திருந்தவர்களையும் துணுக்குறவே செய்திருக்கும். ஜூலியட்டின் தந்தை கேப்யுலெட்டே, பெண் கேட்டு வரும் பாரிஸிடம் இன்னும் ஈராண்டு பொறுக்கும்படிதான் முதலில் சொல்கிறார்.

இக்காதலை நம்பச் செய்ய வேண்டிய ஆசிரியரே அதற்கு எதிரான சான்றுகளை ஒவ்வொன்றாகக் கூட்டிவைத்தது ஏன் என்பதற்கு விடை, ரோமியோவின் பேச்சு மாறும் விதத்தில் இருக்கிறது. ரோசலினைப் பற்றிப் பேசும் ரோமியோ, பெட்ரார்க்கிய மரபில் பேசுகிறான். 14ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், எட்டாத உயரத்தில் இருக்கும் ஒரு பெண்ணை எண்ணி ஏங்கும் ஆணின் குரலில் எழுதிய கவிதைகள், ஐரோப்பிய இளைஞர்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காதல் பேசக் கற்றுக்கொடுத்துவந்தன. நெருப்பைக் குளிர் என்றும் நலத்தை நோய் என்றும், ஒன்றையொன்று மறுக்கும் சொற்களை இணைத்துப் பேசும் முரண்தொடர்கள் அம்மரபின் அடையாளம். ரோமியோ அவற்றை அடுக்கிக்கொண்டே போகிறான். ரோசலினோ மேடையில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவள் பேச வேண்டிய தேவையும் அந்தக் காதலுக்கு இல்லை.

விருந்தில் ஜூலியட்டைச் சந்திக்கும்போது வடிவமே மாறிவிடுகிறது. அவர்கள் முதன்முதலாகப் பேசிக்கொள்ளும் பதினான்கு அடிகள் சேர்ந்து ஒரு சானெட் ஆகின்றன. சானெட் என்பது பெட்ரார்க் புகழ்பெறச் செய்த, பதினான்கு அடிகளில் அமையும் பாவகை. முதல் நான்கடி ரோமியோவுடையது, அடுத்த நான்கடி ஜூலியட்டுடையது, எஞ்சியவற்றை இருவரும் மாறிமாறிப் பேசி முடிக்கிறார்கள். பெரும்பாலும் ஆணின் குரலிலேயே ஒலித்துவந்த பாவகைக்குள் பெண் நுழைந்து, அவன் உவமையையே எடுத்து அவனுக்கு விடை சொல்கிறாள். அந்நேரத்தில் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. இருவர் குடும்பங்களும் ஒன்றுக்கொன்று பகை என்பது பிறகுதான் தெரியவருகிறது. இங்கே உளவியலார் வழங்கும் ‘ரோமியோ ஜூலியட் விளைவு’ என்னும் கருத்தை நினைவுகூரலாம். பெற்றோரின் எதிர்ப்புக் கூடக் காதலும் கூடுகிறது என்று 1972இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் கண்டறிந்ததாக அறிவித்து இட்ட பெயர் அது. 2014இல் வெளியான மறு ஆய்வில் அந்த விளைவு தென்படவில்லை; சுற்றத்தாரின் ஒப்புதலே உறவுக்கு வலுச் சேர்ப்பதாகத் தெரிந்தது. ஆய்வு எப்படியாயினும், தடை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் மலர்ந்த இந்தக் காதலைத் தடையின் பிள்ளை என்று சொல்ல நாடகம் இடந்தரவில்லை.

காதலின் அவசரத்தை முதலில் உணர்ந்து சொல்பவளும் ஜூலியட்தான். மாடத்துக் காட்சியில், இது மின்னலைப்போல மிக விரைவாக வந்துவிட்டதே என்று அவள் அஞ்சுகிறாள். நிலவின்மேல் ஆணையிட வரும் ரோமியோவை, நாளுக்கு நாள் உருமாறும் நிலவு வேண்டாமென்று தடுக்கிறாள். திருமணப் பேச்சை எடுப்பவளும் அவளே. மயக்கத்தில் இருக்கும் பெண்ணுக்கு இந்த நிதானம் வராது.

அடுத்த நாளே சோதனை வருகிறது. தன் அன்புக்குரிய அத்தான் டிபால்ட்டைக் கொன்றவன் தன் கணவனே என்று கேள்விப்படும்போது, ஜூலியட்டின் வாயிலும் முரண்தொடர்கள் அடுக்கடுக்காக வருகின்றன. ரோசலினுக்காக ரோமியோ அடுக்கியவை கற்றுக்கொண்ட அலங்காரம்; ஜூலியட்டுடையவை அவள் வாழ்க்கையில் அந்நொடியில் நேர்ந்துவிட்ட முரண். செவிலி உடன்சேர்ந்து ரோமியோவைப் பழித்ததும், கணவனைத் தானே பழிக்கலாமா என்று அவள் தன்னைத் தானே கடிந்துகொள்கிறாள். அவன் செய்த கொலையை மறக்காமல், அவனையும் கைவிடாமல், இரண்டையும் தாங்கி நிற்கிறாள்.

அதன்பின் அவள் தனியாளாகிறாள். பாரிஸை மணக்க மறுத்தால் தெருவில் விடுவேன் என்கிறார் தந்தை. தாய் முகம் திருப்பிக்கொள்கிறாள். பாலூட்டி வளர்த்த செவிலியோ, கொலைக்காக நாடு கடத்தப்பட்ட ரோமியோ திரும்பப்போவதில்லை, பாரிஸையே மணந்துகொள் என்கிறாள். அந்த நொடியில் ஜூலியட் செவிலியை மனத்தால் துறந்துவிடுகிறாள். அந்த மணத்திலிருந்து தப்ப, இரகசியத் திருமணத்தை நடத்திவைத்த துறவி லாரன்ஸ் தந்த, 42 மணி நேரம் பிணம்போலக் கிடத்தும் மருந்தைக் குடிக்குமுன் அவள் பேசும் தனிமொழியைக் கவனித்துப் படிக்க வேண்டும். அத்திருமணத்தை நடத்திய தன் குற்றத்தை மறைக்கத் துறவி நஞ்சையே கொடுத்திருப்பாரோ, ரோமியோ வருமுன் விழித்துக் காற்றில்லாமல் மூச்சடைத்துவிடுமோ, முன்னோர் எலும்புகளுக்கும் டிபால்ட்டின் புதிய பிணத்துக்கும் நடுவே அறிவு கலங்கிவிடுமோ என்று ஒவ்வோர் அச்சத்தையும் நேராகப் பார்த்து, மருந்து பலிக்காவிட்டால் உதவட்டுமென்று குறுவாளையும் அருகில் வைத்துக்கொண்டு, பிறகே குடிக்கிறாள். விளைவு அறியாத பேதையின் செயலன்று இது.

ரோமியோவைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. ஜூலியட்டின் அழகு தன் வீரத்தை மழுக்கிவிட்டதாகச் சினந்து டிபால்ட்டைக் கொல்கிறான். நாடு கடத்தும் தண்டனையைக் கேள்விப்பட்டுத் துறவியின் அறைத் தரையில் புரண்டு அழுகிறான். எனினும் ரோசலினுக்காகச் செயற்கையாகப் புலம்பியவன், ஜூலியட் இறந்தாள் என்ற பொய்ச்செய்தி வரும்போது அலங்காரமின்றி ஓரிரு சொற்களில் முடிவெடுக்கிறான். அவன் காதல் வளர்ந்துகொண்டிருந்தது. ஜூலியட்டின் காதல் முதிர்ந்தே இருந்தது.

நிலைத்திருக்குமா என்ற கேள்விக்குக் காலம்தான் சான்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தைப் பறித்தவர்கள் பெரியவர்கள். பகையை வளர்த்தவர்கள் அவர்கள். ஈராண்டு பொறுக்கச் சொன்ன வாயாலேயே மூன்று நாளில் மணம் என்று குறித்து, அதையும் ஒரு நாள் முன்னுக்கு இழுத்தவர் கேப்யுலெட். உண்மையைச் சொல்லும் கடிதத்தைக் கொண்டுபோன துறவி ஜான், கொள்ளைநோய் ஐயத்தால் ஒரு வீட்டில் அடைத்துவைக்கப்பட்டார். ஐந்து நாளில் முடிந்தது காதலின் குறையால் அன்று. குறுகிய காலத்தைக் காட்டி அவர்கள் காதலைக் குறைசொல்வது, கொலையுண்டவரை ஆயுள் குறைந்தவர் என்று பழிப்பதற்கு ஒப்பாகும்.

18ஆம் நூற்றாண்டில் லண்டன் மேடையில் கோலோச்சிய நடிகர் டேவிட் காரிக், ரோமியோவின் காதலுக்கு மாசு வந்துவிடக்கூடாதென்று ரோசலினை நாடகத்திலிருந்தே நீக்கிவிட்டார். அவருடைய வடிவமே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு மேடையேறியது. 1845இல் அமெரிக்க நடிகை ஷார்லட் குஷ்மன் தாமே ரோமியோவாக நடித்து ஷேக்ஸ்பியரின் மூல வடிவை லண்டன் மேடைக்கு மீட்டுக் கொண்டுவந்தார். ரோசலின் இல்லாவிட்டால் ஐயம் இல்லை. ஐயம் இல்லாவிட்டால் ஜூலியட் அதை வென்று நிற்பதும் இல்லை. இந்நாடகத்தைச் சுருக்கி மேடையேற்றுவோரும் மாணவர்க்குக் கற்பிப்போரும் ரோசலினையும், மருந்துக்குமுன் ஜூலியட் பேசும் தனிமொழியையும் வெட்டாமல் வைத்திருக்க வேண்டும்.