துருப்பிடித்த ஹெரால்டு... வீட்டு வாசலிலேயே உயிர் கொடுக்கலாம்!

தார்ப்பாய் போர்த்திய பழைய கார் ஒன்று, ஏதாவது ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கொட்டகையில் இருக்கத்தான் செய்கிறது. தாத்தா ஓட்டியது, விற்க மனசில்லாமல் அப்பா விட்டுவைத்தது. டயர் மண்ணில் புதைந்திருக்கும், பின் சீட்டில் கோழி அடைகாக்கும். ஒருநாள் காயலான் கடைக்காரர் வந்து எடைக்கு விலை சொல்வார். அந்தக் கார் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்றால், அவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். வீட்டு வாசலில் வைத்தே பிரித்துப் பூட்டக்கூடிய கார் அது!

மெட்ராஸ் கார், இத்தாலி அழகு

ஹெரால்டு 1959-ல் பிரிட்டனில் ட்ரையம்ஃப் என்ற பெயரில் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிகெலாட்டி. 1961-லிருந்து மெட்ராஸை அடுத்த வண்டலூரில் ‘ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா’ இதைத் தயாரித்தது. 948 சிசி இன்ஜின், எடை சுமார் 800 கிலோ. திரும்ப 25 அடி வட்டம் போதும் என்பதால், சந்து பொந்துகளில் கில்லாடி.

1962-ல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரும் மிகெலாட்டி வரைந்ததுதான். ஹெரால்டின் சேஸிஸைத்தான் எட்டரை அங்குலம் குறுக்கி அதற்குப் பயன்படுத்தினார்கள். ஆக, உங்கள் கொட்டகையில் நிற்பது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் அண்ணன்!

போல்ட் போட்ட கார்

அந்தக் காலத்திலேயே பல கார்களுக்கு பாடியும் சேஸிஸும் ஒரே கூடாக வந்துவிட்டன. ஆனால், ட்ரையம்ஃப் நிறுவனத்துக்கு முழு பாடியையும் செய்துதர ஒரே சப்ளையர் கிடைக்கவில்லை. அதனால் துண்டு துண்டாகச் செய்து, தனி சேஸிஸ் மீது போல்ட் போட்டுப் பூட்டினார்கள். கூரையைக்கூடக் கழற்றலாம். பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மீதே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அன்று வேறு வழியில்லாமல் செய்தது, இன்று ரிப்பேர் செய்பவருக்கு வரம்.

முதல் கருவி பென்சில்

ஆர்வத்தில் உடனே ஸ்பேனரை எடுத்துவிடாதீர்கள். சேஸிஸ் நம்பரைச் சுத்தம் செய்து, மேலே ஒரு காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்து எடுங்கள். இன்ஜின் நம்பரையும் குறித்துக்கொண்டு, இரண்டையும் ஆர்.சி. புக்கோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரியுங்கள். பணத்தைக் கொட்டிய பிறகு விசாரித்துப் பயனில்லை.

காரணம், 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த ‘வின்டேஜ்’ வாகன விதி. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய, வணிகத்துக்குப் பயன்படாத கார்களும் டூவீலர்களும் இதில் சேரும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்; 10 ஆண்டுகள் செல்லும். நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் இடம்பெறும். ஆனால், வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. ‘பழைய இன்ஜினைத் தூக்கிட்டு மாருதி இன்ஜின் வெச்சிடலாம்’ என்று மெக்கானிக் சொல்வார். ஓட்டச் சுலபம்தான். ஆனால், அதோடு வின்டேஜ் தகுதிக்கே ஆபத்து. வின்டேஜ் பதிவில் தினமும் ஆபீஸுக்கு ஓட்டவும் முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் அனுமதி.

தேன்கனிக்கோட்டை, ஓசூர் வாசகர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று கர்நாடகப் பதிவு வண்டியை வாங்கினால், அங்கிருந்து என்.ஓ.சி. கட்டாயம் வாங்குங்கள். வேறு மாநிலத்துக்குக் கொண்டுவந்த வண்டியை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், இங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது சட்டம்.

துரு எங்கே ஒளிந்திருக்கும்?

இரும்பு, காற்று, ஈரம் மூன்றும் சேர்ந்தால் துரு. மழை மட்டுமல்ல, ஓசூர் மேட்டுநிலத்தின் பனியும் போதும். தார்ப்பாயை இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கூரைக்கு அடியில் காற்றோட்டமாக நிறுத்துங்கள்.

ஹெரால்டில் முதலில் பார்க்க வேண்டியது, சேஸிஸிலிருந்து இருபக்கமும் கைபோல நீளும் அவுட்ரிகர்கள். பாடியைத் தாங்குவது இவைதான். அடுத்து கால் வைக்கும் தரை, டிக்கியின் அடித்தளம், ஆசிட் சிந்திய பேட்டரித் தட்டு. சின்ன ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்தத் தகடு தேறாது. அதன் மேல் பட்டி பூசி பெயின்ட் அடிப்பது ஏமாற்று வேலை. பளபளப்புக்கு அடியில் துரு தின்றுகொண்டேயிருக்கும். வெட்டிவிட்டுப் புதுத்தகடு வெல்டிங் செய்வதுதான் வழி. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். வேலைக்கு முன்பும் பின்பும் கதவு இடைவெளியை அளந்து வையுங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்து வெட்டினால் பாடி கோணிவிடும். பிறகு கதவு மூடாது.

சலவை சோடா வைத்தியம்

சின்ன இரும்புப் பாகங்களின் துருவை வீட்டிலேயே எடுக்கலாம். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், 4 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை துருப்பிடித்த பாகத்திலும், பாசிட்டிவை வேண்டாத இரும்புத் துண்டிலும் மாட்டுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சில மணி நேரத்தில் துரு உதிர ஆரம்பிக்கும். எடுத்ததும் கழுவி, காயவைத்து, உடனே பிரைமர் அடித்துவிடுங்கள்.

பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடாது. நச்சுள்ள குரோமியம் கரையும். தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் திறந்தவெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் மட்டும் செய்யுங்கள். அலுமினியம், ஸ்பிரிங் பாகங்களை இதில் போட வேண்டாம்.

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. பழைய பெயின்ட்டில் ஈயமும், பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். உலர்வாகத் தேய்ப்பது, காற்றடித்து ஊதுவது இரண்டும் வேண்டாம், மாஸ்க் அவசியம். பெட்ரோல் டேங்க் காலியாக இருந்தாலும் அதில் வெல்டிங் வைக்காதீர்கள். உள்ளே தங்கிய ஆவியே வெடிக்கும்.

எதை நாம், எதைப் பட்டறையில்?

கழற்றுவது, சுத்தம் செய்வது, துரு எடுப்பது, பிரைமர் அடிப்பது எல்லாம் வீட்டிலேயே ஆகும். சேஸிஸ் வெல்டிங்கும் பிரேக்கும் அனுபவசாலியின் கைக்குப் போகட்டும். இதில் தேன்கனிக்கோட்டைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஓசூரில் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. எல்லை தாண்டினால் பெங்களூரு ஜே.சி. ரோட்டின் உதிரிபாகக் கடைகள். ஸ்பிட்ஃபயர் புண்ணியத்தில், ட்ரையம்ஃபின் இன்ஜின், பிரேக் பாகங்கள் பல பிரிட்டனில் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. இந்தியப் பாகங்களில் வித்தியாசம் இருக்கலாம் என்பதால், கழற்றிய பழசை எறிந்துவிடாமல் அளவுக்கு வைத்திருங்கள்.

ஒவ்வொரு போல்ட்டையும் தனி டப்பாவில் போட்டு, எங்கே கழற்றியது என்று எழுதி ஒட்டுங்கள். செல்போனில் படம் எடுங்கள். இந்த வேலையை வீட்டுப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். கார் ஓட ஒரு வருஷமும் ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாம். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தாவையும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். எந்த கியர் எப்போது அடம்பிடிக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.