மின்னூலைப் பார்த்துக் கைவினை கற்கலாமா?

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் வட்டத்தில் உள்ளது பெருமாட்டி ஊராட்சி. வயல் வரப்புகளில் பனைகள் நிற்கும் சமவெளி அது. மீனாட்சிபுரத்தைத் தாண்டினால் பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலை. இப்பகுதிக் கிளைகளில் பணிபுரியும் எங்களுக்கு இரு மொழியும் வேண்டியிருக்கின்றன. ஒருவர் மலையாளத்தில் படிவம் நிரப்புவார். அவருக்குப் பின்னால் நிற்பவர் தமிழில் ஐயம் கேட்பார்.

அவ்வாறு ஐயம் கேட்க வந்தவர்தான் அந்த அம்மையார். "சார், மாசாமாசம் 199 ரூபாய் பிடிக்கிறீங்களே, அது என்ன கணக்கு?" என்று கணக்குப் புத்தகத்தை நீட்டினார். வங்கிக் கட்டணம் என்றே அவர் எண்ணியிருந்தார். பதிவுகளைப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. ஆயிரம் எம்பிராய்டரி வடிவங்கள் கொண்ட மின்னூல்களைத் தருவதாக விளம்பரம் செய்த ஒரு செயலியை அவர் கைப்பேசியில் ஏற்றியிருந்தார். ஏழு நாள் இலவசம் என்று அறிவித்த அந்தச் செயலி, சரிபார்ப்புக்காக ஒரு ரூபாய் மட்டும் செலுத்தச் சொல்லியிருக்கிறது. ஒரு ரூபாய்தானே என்று அவர் யுபிஐ ரகசிய எண்ணை இட்டார். அவர் ஒப்புதல் அளித்தது அந்த ஒரு ரூபாய்க்கு மட்டுமன்று. மாதந்தோறும் தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் ஆணைக்கும் சேர்த்துத்தான். எட்டு மாதங்களில் 1,592 ரூபாய் போயிருந்தது.

அவருடைய கைப்பேசியிலேயே யுபிஐ செயலியின் ‘ஆட்டோபே’ பகுதியைத் திறந்து, அந்த ஆணையை நீக்கச் செய்தோம். பிறகு, "சரி, எட்டு மாதத்தில் என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டோம். "படம் பார்த்தேன் சார், அவ்வளவுதான். ஊசியை எங்கே குத்தி எங்கே எடுக்கணும்னு அதுல இல்லையே" என்றார். இக்கட்டுரைக்குத் தூண்டுகோல் அந்த விடைதான். மின்னூலைப் பார்த்துக் கைவினை கற்க இயலும். ஆனால் அழகிய படங்களின் தொகுப்பு வேறு, கற்பிக்கும் நூல் வேறு.

கற்பிக்கும் நூல் தமிழில், அதுவும் கட்டணமின்றிக் கிடைக்குமா என்று பலரும் கேட்கக்கூடும். எல்லைப்பகுதியில் இக்கேள்விக்குக் கூடுதல் பொருள் உண்டு. கேரளத்தில் ஊர்தோறும் நூலகங்கள் இருக்கின்றன. அந்த இயக்கத்தின் பெருமையை நாடறியும். எனினும் அவற்றின் அலமாரிகளில் மலையாள நூல்களே மிகுதி என்பது இயல்பு. தமிழ்வழிப் பள்ளியில் படித்த பெண்ணுக்குத் தையற்கலை நூலொன்று தமிழில் வேண்டுமென்றால், அண்மைக்காலம் வரை பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ பேருந்து ஏறவேண்டியிருந்தது.

நாங்கள் முதலில் சுட்டுவது பலரும் எண்ணிப்பாராத ஒரு நூலை: தமிழ்நாட்டு அரசின் மேல்நிலைத் தொழிற்கல்விப் பாடநூல். ‘நெசவியலும் ஆடை வடிவமைப்பும்’ என்னும் பாடத்துக்கு 11, 12 ஆம் வகுப்புகளுக்குத் தமிழிலேயே நூல்கள் உள்ளன. இவற்றைப் பாடநூல் இணையதளத்தில் பிடிஎஃப் வடிவில் இலவசமாகத் தரவிறக்கம் செய்துகொள்ளலாம். மாணவராக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆசிரியர் குழு எழுதிப் பல கண்கள் சரிபார்த்த பாடநூல், விளம்பரச் செயலியைவிட நம்பத்தக்கது. பாடநூல் என்றதும் தேர்வு நினைவு வந்து முகம் சுளிப்போர் உண்டு. தேர்வு இல்லாமல் படிக்கும்போது அதே நூல் எவ்வளவு சுவையாகிறது என்பதை ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சுநூல்களும் ஓலைச்சுவடிகளும் படிமங்களாக உள்ளன. பிரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வெளியிடும் நூல்களைச் சிறுதிரைக்கு ஏற்ற அளவிலும் தருகிறது. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005 இல் தொடங்கிய இலங்கையின் நூலகம் திட்டமும் போற்றத்தக்கவை. ஆயினும் மதுரைத் திட்டத்தில் இருப்பது பெரும்பாலும் இலக்கியம். பின்னல் கற்க விரும்புவோர் அங்கே தேடி நேரத்தைச் செலவிடவேண்டியதில்லை.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அரவிந்த் குப்தாவின் இணையதளத்தை அறிமுகம் செய்யலாம். கான்பூர் ஐஐடியில் பயின்ற பொறியாளரான இவர், தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வ் டியூப் துண்டுகளையும் இணைத்து வடிவியல் உருவங்கள் அமைக்கக் கற்றுத்தந்தவர். 2018 இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். தம் நூல்களைப் பல இந்திய மொழிகளில் இலவசமாக வழங்குகிறார். தமிழும் அவற்றுள் ஒன்று. இவற்றுக்குச் செலவு ஒரு தீப்பெட்டியும், சைக்கிள் கடையில் வாங்கும் சிறிது டியூபும்தான்.

மொழி தடையாகும் இடங்களிலும் படம் துணைசெய்யும். தெரேஸ் த தில்மோன் 1886 இல் வெளியிட்ட தையற்கலைக் களஞ்சியம் குட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் முழுமையாக உள்ளது. நூல் ஆங்கிலத்தில்தான். ஆனால் சங்கிலித் தையலுக்கு ஊசி எந்தத் துளையில் இறங்கி எங்கே எழுகிறது, நூல் எந்தப் பக்கம் வளைகிறது என்பவற்றைக் கோட்டுப் படங்களே சொல்லிவிடுகின்றன. காகித மடிப்புக் கலையில் இம்முறை இன்னும் தெளிவானது. ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவா 1954 இல் வெளியிட்ட குறியீட்டு முறை பின்னர் உலகெங்கும் பரவியது. சிறுகோடுகளாலான வரி உள்மடிப்பைக் குறிக்கும். கோடும் புள்ளியும் கலந்த வரி வெளிமடிப்பைக் குறிக்கும். அம்பு மடிக்கும் திசையைக் காட்டும். இம்மூன்றையும் அறிந்தவர் எம்மொழி நூலையும் பார்த்து மடிக்கலாம்.

குரோஷா பின்னலில் மட்டும் ஓர் எச்சரிக்கை. அமெரிக்க நூல் ‘சிங்கிள் குரோஷே’ என்று கூறும் பின்னலைப் பிரிட்டிஷ் நூல் ‘டபுள் குரோஷே’ என்கிறது. எந்நாட்டு வழக்கு என்று முன்பக்கத்தில் பார்க்காமல் தொடங்கினால், தொப்பியாக வேண்டியது கூடையாகிவிடும்.

நல்ல நூலொன்று கிடைத்தபின் பயன்படுத்தும் விதத்தில் பலர் தவறுகின்றனர். மின்னூல்கள் பொதுவாக இரு வகை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் இடம் மாறி அமைவது ஒரு வகை. இ-பப் கோப்புகள் பெரும்பாலும் இத்தகையவை. கதை படிக்க இது ஏற்றது. கைவினைக்கோ, விளக்கம் ஒரு பக்கத்திலும் படம் அடுத்த பக்கத்திலும் போய்விடும். பக்கம் அச்சிட்டபடியே நிற்கும் பிடிஎஃப் கைவினைக்குப் பொருத்தம். சிறிய திரையில் அதை விரித்து விரித்துப் பார்ப்பது கண்ணுக்குச் சுமைதான். எனவே வேண்டிய நான்கைந்து பக்கங்களை மட்டும் அக்ஷயா மையத்திலோ நகலகத்திலோ அச்சிட்டுக்கொள்வது நல்லது. மாவும் எண்ணெயும் பட்ட விரலால் திரையைத் தொடவேண்டியதில்லை. தாளில் பென்சிலால் குறிப்பும் எழுதலாம்.

அச்சிடும்போது ஒன்றை மறவாமல் கேட்கவேண்டும். ஆடைக்கான வெட்டுப்படிவங்களை ‘தாளுக்குப் பொருத்து’ என்னும் தெரிவில் அச்சிடாமல் ‘உண்மை அளவு’ என்னும் தெரிவில் அச்சிடச் சொல்லுங்கள். வெளிநாட்டு நூல்கள் பல, ஏ4 தாளைவிடச் சற்று அகலமான தாளுக்கு அமைந்தவை. நம் தாளில் பொருத்தினால் சுருங்கும். நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினாலே 32 அங்குல மார்பளவு 31 அங்குலமாகிவிடும். ரவிக்கையில் ஓர் அங்குலக் குறைவு என்ன செய்யும் என்று தைப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. படிவத்தில் அளவுக்கோடு இருப்பின், துணியில் கத்தரி வைக்கும் முன் அதை அளவுகோலால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தால் எட்டமுடியாத இடமும் உண்டு. பெருமாட்டியின் பனைகளே அதற்குச் சான்று. செட்டிநாட்டில் பனங்குருத்தோலையால் முடையும் கொட்டான் மங்கிவந்த நிலையில், எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளையின் முயற்சியால் மீண்டும் உயிர்பெற்றது. இன்று அது புவிசார் குறியீடு பெற்ற பொருள். முடையும் அடுக்குமுறையை நூலில் வரைந்து காட்டிவிடலாம். ஆனால் ஓலையின் ஈரப்பதத்தை எந்த நூலும் காட்டாது. மிக உலர்ந்திருந்தால் மடிக்கும் இடத்தில் ஓலை பிளக்கும். மிக நனைந்திருந்தால் முடைந்த பெட்டி காய்ந்தபின் இடைவெளி விடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள பதத்தை விரல்தான் அறியும். அந்த விரல், தெருக்கோடியில் திண்ணையில் அமர்ந்திருக்கும் எழுபது வயதுப் பாட்டியிடம் இருக்கிறது. அவர் புத்தகம் எழுதவில்லை. எவரும் கேட்டு எழுதியதாகவும் தெரியவில்லை. ஒரு காலத்தில் நூலே ஓலையில் இருந்தது. இப்போது ஓலை முடைவதை அறிய நூலைத் தேடுகிறோம். நூலில் அடுக்குமுறையைப் பார்த்துக்கொண்டு, பதம் கற்க அந்தப் பாட்டியிடம் சென்று அமர்வதே எங்களுக்குத் தெரிந்த நல்வழி. தாமதிக்காமல் செல்லவேண்டும் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறோம்.

ஆரி வேலையும் இத்தகையதே. திருமண ரவிக்கைகளால் அதற்கு இன்று பெருந்தேவை. கற்க விரும்புவோரும் மிகுதி. ஆரி ஊசி துணியின் மேலிருந்து இறங்கி, அடியில் மற்றொரு கை பிடித்திருக்கும் நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுக்கிறது. வேலையின் பாதியைச் செய்யும் கை துணிக்கு அடியில் மறைந்திருக்கிறது. அதனை அசையாப் படத்தில் கற்பது அரிது. காணொளியோ நேர்முகப் பயிற்சியோ வேண்டும். சாதாரண எம்பிராய்டரியும் குரோஷாவும் காகித மடிப்பும் நூல்வழியே நன்கு வரும். இந்த வேறுபாட்டை அறிந்து தொடங்கினால் மனம் தளராது.

நேர்முகப் பயிற்சி என்றவுடன் கட்டணம் பற்றிய அச்சம் எழும். ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இலவசப் பயிற்சி அளிக்கின்றன. 1982 இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய முயற்சியை முன்மாதிரியாகக் கொண்டு, வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்துபவை இவை. தையல் முதலிய பயிற்சிகள் எப்போது நடைபெறும் என்பதை எந்தக் கிளையிலும் விசாரிக்கலாம்.

பொழுதுபோக்கு வருவாயாக மாறும் கட்டத்தில் கடன் பற்றிக் கேட்போரிடம் நாங்கள் ஒளிவின்றிச் சொல்வது இது. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களுக்கு உரியது. தையற்காரர், கூடை பாய் முடைபவர், பொம்மை செய்பவர் ஆகியோர் பட்டியலில் உள்ளனர். பிணையமின்றி முதலில் ஒரு லட்சம் ரூபாய் வரையிலும், பின்னர் இரண்டு லட்சம் ரூபாய் வரையிலும் 5 விழுக்காட்டு வட்டியில் கடன் கிடைக்கும். ஆனால் அது அத்தொழிலைக் கையால் செய்து வாழ்வோருக்கானது; உள்ளாட்சி அமைப்பின் சரிபார்ப்பும் உண்டு. நேற்று மின்னூல் தரவிறக்கம் செய்தவர் அதனைக் கோர இயலாது. சிறுதொழிலாகத் தொடங்குவோர்க்கு முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை வழியுண்டு. எனினும் முதல் பத்துப் பொருள்கள் விற்கும் வரை கடன் வேண்டாம் என்பதே எங்கள் சொந்தக் கருத்து. கடன் கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களே இப்படிச் சொல்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். கடனைத் திரும்ப வாங்கும் இடத்திலும் நாங்கள்தானே இருக்கிறோம்.

இனி, அந்த அம்மையார் இழந்த பணத்துக்கு வருவோம். தானாகப் பணம் எடுக்கும் ஆணைகளில், ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணிநேரம் முன்பாக அறிவிப்பு வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவருக்கும் அறிவிப்பு வந்திருக்கிறது; விளம்பரக் குறுஞ்செய்திகளோடு சேர்த்து அதையும் அவர் பார்க்காமல் விட்டிருக்கிறார். பொதுவாக 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக ஒப்புதல் கேட்பதில்லை. ஆகவே மாதம் ஒருமுறை ‘ஆட்டோபே’ பட்டியலைத் திறந்து பார்ப்பது நல்ல பழக்கம். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினால் ஆணையும் நீங்கிவிடும் என்று பலர் நம்புகின்றனர். அது நீங்காது, தனியே ரத்து செய்யவேண்டும். குழுக்களில் ‘இலவசப் புத்தகம்’ என்ற பெயரில் ஏபிகே என முடியும் கோப்பு வந்தால் திறக்கவே வேண்டாம். அது புத்தகமன்று, செயலி. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் அளியுங்கள்.

எட்டு மாதப் பணம் திரும்பவில்லை. ஒப்புதலும் அறிவிப்பும் பதிவில் இருந்ததால் எங்களாலும் உதவ இயலவில்லை. பாடநூலைத் தரவிறக்கம் செய்வது எப்படி என்று கவுண்டரிலேயே காட்டினோம். ஐந்து நிமிடம் ஆயிற்று. பின்னால் நின்றவர் சற்றுச் சலித்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்துச் சேமிப்புக் கணக்கில் பணம் செலுத்த வந்தபோது, பையிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்துக் காட்டினார். மூலையில் சங்கிலித் தையலில் ஒரு கொடி. நூலைச் சற்று இறுக்கி இழுத்ததால் துணி ஓரிடத்தில் சுருங்கியிருந்தது. "இது முதல்ல போட்டது சார், விற்கிறதுக்கு இல்லை" என்று மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, அடுத்ததாகக் காம்புத் தையல் பக்கத்தை அச்செடுக்கப் போவதாகச் சொன்னார்.