பனியிலும் நிற்காத சைக்கிள்!
கோபன்ஹேகன் மக்கள் குளிர்காலத்தில் வேலைக்குப் போவது எப்படி?

டிசம்பர் மாதம். காலை 7 மணி. வெளியே கும்மிருட்டு.

மழை தூறுகிறது. மழையோடு பனியும் கலந்து விழுகிறது. காற்று ஊசிபோலக் குத்துகிறது.

இந்த நேரத்தில் வீட்டைவிட்டு வெளியே வர யாருக்காவது மனம் வருமா?

வருகிறது! ஆயிரக்கணக்கான பேர் வெளியே வருகிறார்கள். ஆண்கள் வருகிறார்கள். பெண்கள் வருகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வருகிறார்கள். சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள்!

இது நடப்பது டென்மார்க் நாட்டில். அந்த நாட்டின் தலைநகரமான கோபன்ஹேகனில்.

7 மணி நேரப் பகல்

டென்மார்க், ஐரோப்பாவின் வட பகுதியில் உள்ள சிறிய நாடு. கோபன்ஹேகன் கடலோர நகரம். 6 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அங்கே வாழ்கிறார்கள்.

குளிர்காலத்தில் அங்கே பகல் மிகவும் குறுகிவிடும். டிசம்பர் 21-ந் தேதி வாக்கில், காலை 8½ மணிக்குப் பிறகுதான் சூரியன் உதிக்கும். பிற்பகல் 3-40 மணிக்குள் மறைந்துவிடும். ஆக, பகல் பொழுது 7 மணி நேரம்தான்!

காலை 8 மணிக்கு வேலை தொடங்குகிறவர் இருட்டில் போகிறார். மாலை 4 மணிக்கு வேலை முடிந்து திரும்புவதும் இருட்டில்தான். இடையில் ஜன்னல் வழியாகச் சூரியனைப் பார்த்தால் உண்டு.

குளிரும் லேசானது அல்ல. வீட்டில் உள்ள குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால், உள்ளேயிருந்து ஒரு குளிர் வீசும் அல்லவா? ஜனவரி மாதத்தில் கோபன்ஹேகன் தெருக்களில் பெரும்பாலும் அதைவிட அதிகமான குளிர்!

காற்று வேறு. டென்மார்க் சமவெளி நாடு. அந்த நாட்டின் நிலப்பரப்பில் இயற்கையாக அமைந்த மிக உயரமான மேட்டின் உயரமே 171 மீட்டர்தான். மேடு இல்லாததால் சைக்கிள் மிதிப்பது சுலபம். ஆனால் காற்றைத் தடுத்து நிறுத்தவும் மலை இல்லை. கடற்காற்று நேராக வந்து முகத்தில் அறையும்.

இவ்வளவு இருந்தும் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் நான்கில் மூன்று பேர் குளிர்காலத்திலும் சைக்கிளை விடுவது இல்லை.

2016-ம் ஆண்டில் ஒரு கணக்கு எடுத்தார்கள். நகரத்தின் நடுப் பகுதிக்கு ஒரு நாளில் வந்த கார்கள் சுமார் 2 லட்சத்து 52 ஆயிரம். வந்த சைக்கிள்கள் 2 லட்சத்து 65 ஆயிரத்துக்கு மேல்! இப்படிக் கணக்கு எடுக்கத் தொடங்கிய பிறகு காரைச் சைக்கிள் முந்தியது அதுவே முதல் தடவை.

ஆடை மட்டும் போதுமா?

"மோசமான வானிலை என்று ஒன்று இல்லை, மோசமான ஆடைதான் உண்டு." அந்தப் பக்கத்து மக்கள் இப்படிச் சொல்வது வழக்கம்.

ஆடையில் அவர்கள் கவனமாக இருக்கிறார்கள். ஒரே ஒரு தடித்த கோட்டைவிட, இரண்டு மூன்று மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. உடைகளுக்கு நடுவே தங்கும் காற்று, உடம்பின் சூட்டை வெளியே விடாது. எல்லாவற்றுக்கும் மேலே மழைக் கோட்டு.

மிதிக்க ஆரம்பித்தால் சற்று நேரத்தில் உடம்பு சூடாகிவிடும். அதிகமாக உடுத்தியிருந்தால் வியர்த்துக் கொட்டும். வியர்வையில் நனைந்த துணி பிறகு குளிரும். அதனால், புறப்படும்போது சிறிது குளிர்ந்தால்தான் சரியான உடை என்று கொள்ளலாம்.

முதலில் விறைப்பவை கை விரல், கால் விரல், காது. ஏன் தெரியுமா? குளிர் தாக்கியதும் உடம்பு தன் இரத்தத்தை இதயம் முதலிய முக்கிய உறுப்புகளின் பக்கம் இழுத்துக்கொள்கிறது. விரல் நுனிக்கு இரத்தம் குறைகிறது. ஆகவே கையுறையும் காதை மூடும் தொப்பியும் அவசியம்.

ஆனால், ஆடை மட்டும் இருந்தால் போதாது. முழங்கால் வரை கம்பளி போட்டிருந்தாலும், பாதையில் பனி குவிந்து கிடந்தால் சைக்கிள் எப்படிப் போகும்?

அங்கேதான் இருக்கிறது ரகசியம்!

முதலில் சைக்கிள் பாதை

கோபன்ஹேகனின் பெரிய சாலைகளில் சைக்கிளுக்குத் தனிப் பாதை உண்டு. கார் ஓடும் சாலையைவிட அது சற்று உயரமாக இருக்கும். மக்கள் நடக்கும் நடைபாதையைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கும். கார் இந்தப் பக்கம் ஏறாது. நடக்கிறவர் குறுக்கே வரமாட்டார்.

பனி விழுந்தால், முக்கியமான சைக்கிள் பாதைகளைச் சுத்தம் செய்வதற்கு நகரசபை முதல் இடம் கொடுக்கிறது. கார் ஓடும் பல தெருக்களின் முறை அதற்குப் பிறகுதான்! இதற்கென்று சிறிய வண்டிகள் இருக்கின்றன. அவை பனியைத் தள்ளிப் பெருக்கிக்கொண்டே போகும். உப்பும் போடும்.

உப்பு எதற்கு? தண்ணீர் 0 டிகிரியில் உறைந்து பனிக்கட்டி ஆகிவிடும். உப்புத் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் உறையாது. அதற்கு இன்னும் அதிகக் குளிர் வேண்டும். அதனால் பாதை வழுக்காமல் இருக்கும்.

இன்னொரு வசதியும் உண்டு. அதன் பெயர் "பச்சை அலை". நோரப்ரோ தெரு முதலிய பெரிய சாலைகளில், மணிக்கு 20 கிலோ மீட்டர் வேகத்தில் சைக்கிளில் போனால், வரிசையாகப் பச்சை விளக்கே கிடைக்கும். கொட்டும் மழையில் முச்சந்திக்கு முச்சந்தி காலை ஊன்றி நிற்க வேண்டாம்!

கார்கள் ஓடாத ஞாயிறு

இதெல்லாம் எப்போதும் இருந்தது என்று நினைக்கக் கூடாது. சைக்கிள் அங்கே ஒரு காலத்தில் மறையத் தொடங்கியது!

1960-ம் ஆண்டுகளில் டென்மார்க்கில் பலர் கார் வாங்கினார்கள். சாலைகள் காருக்காக அகலமாக்கப்பட்டன. சைக்கிளின் எண்ணிக்கை சரிந்தது.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அரபு நாடுகள் எண்ணெயைக் குறைத்தன. டென்மார்க் எரிபொருளுக்கு வெளிநாட்டு எண்ணெயையே பெரிதும் நம்பியிருந்தது. அரசாங்கம் என்ன செய்தது? ஞாயிற்றுக்கிழமைகளில் காரே ஓட்டக் கூடாது என்று உத்தரவு போட்டது!

1973 நவம்பர் 25-ந் தேதி அது அமலுக்கு வந்தது. அதுவும் குளிர்காலம்தான். கார்கள் இல்லாத சாலையில் மக்கள் நடந்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள். கார் இல்லாமலும் ஊர் நடக்கும் என்பதைக் கண்ணால் கண்டார்கள்.

அதற்குப் பிறகு மக்கள் சும்மா இருக்கவில்லை. சாலையில் சைக்கிள்காரர்கள் அடிபட்டுச் சாவதை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். நகரசபைக் கட்டடத்தின் முன்னால் பல்லாயிரம் பேர் சைக்கிளோடு திரண்டார்கள். "எங்களுக்குத் தனிப் பாதை வேண்டும்" என்று கேட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பாதைகள் வந்தன. சைக்கிளும் திரும்பி வந்தது.

விளக்கு காத்த உயிர்

இருட்டு நாட்டில் விளக்கு உயிருக்குச் சமம். டென்மார்க்கில் இருட்டிய பிறகு விளக்கு இல்லாமல் சைக்கிள் ஓட்டினால் அபராதம். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு வேண்டும். பெடலிலும் சக்கரத்திலும் ஒளியைத் திருப்பி அடிக்கும் தகடுகள் இருக்க வேண்டும்.

ஒடன்சே என்பது டென்மார்க்கின் மற்றொரு நகரம். அங்கே 2004-05-ல் ஒரு சோதனை நடந்தது. 1,845 சைக்கிள்களில் காந்தத்தால் எரியும் விளக்குகளைப் பொருத்தினார்கள். சக்கரம் சுழன்றால் விளக்கு எரியும். பகலிலும் எரியும். அணைக்க மறப்பது, பாட்டரி தீர்வது என்ற பேச்சே இல்லை.

அந்த விளக்கு இல்லாத 2,000 பேரோடு ஓர் ஆண்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விளக்கு உள்ளவர்களுக்குக் காயம் ஏற்பட்ட விபத்து நூற்றுக்கு 19 பங்கு குறைவு!

ஆயுளுக்கும் நல்லது

கோபன்ஹேகனில் சுமார் 30 ஆயிரம் பேரை டாக்டர்கள் பல ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். 2000-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. வேலைக்குச் சைக்கிளில் போகாதவர்களிடையே, போகிறவர்களைவிட மரண விகிதம் நூற்றுக்கு 39 பங்கு அதிகமாக இருந்தது! புகை பிடித்தல் போன்ற மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்த பிறகு வந்த கணக்கு இது.

கஷ்டமே இல்லையா?

உண்டு. உப்பு, சைக்கிளைத் தின்றுவிடும். செயினைத் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் துருப்பிடித்து இறுகிவிடும்.

மழைத் தண்ணீர் சாலையிலேயே உறைந்து, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிபோலப் படிந்துவிடும் நாளும் உண்டு. அன்று திருப்பத்தில் பிரேக் போட்டால் சைக்கிள் சறுக்கும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்படிப்பட்ட நாளில் பலர் சைக்கிளை வீட்டில் விட்டு ரெயிலில் போகிறார்கள். சைக்கிளோடும் போகலாம். 2010 முதல் நகரத்தின் புறநகர் ரெயில்களில் சைக்கிளுக்குக் கட்டணம் கிடையாது.

கோபன்ஹேகன் மக்கள் இரும்பால் ஆனவர்கள் அல்ல. அவர்களுக்கும் குளிரும், அவர்களுக்கும் அலுப்பு உண்டு. காலையில் கதவைத் திறக்கும்போது பாதை சுத்தமாக இருக்கிறது. அதனால் புறப்படுகிறார்கள்.

பனி பெய்வதை யாராலும் நிறுத்த முடியாது. பாதையைப் பெருக்கி வைக்க முடியும். அதை ஒரு நகரம் செய்தது. சைக்கிள் நிற்கவில்லை!