அறுவடைக்கு முன்னும் பின்னும்: வறுமையும் நுண்ணறிவும் – அமிர்தி மலைப்பகுதியை முன்வைத்து

செல்வம் உடையோர் அறிவுடையோர், வறியோர் அறிவு குறைந்தோர் என்னும் எண்ணத்திற்குத் தமிழ் மரபில் வலுவான இடம் இல்லை. திருக்குறளின் ஊழ் அதிகாரம் செல்வத்தையும் தெளிவையும் இருவேறு இயல்புகளாகவே பிரித்துவைக்கிறது. ஆயினும் மலைவாழ் மக்களைப் பற்றிய பேச்சில் ‘படிப்பு ஏறாதவர்கள்’ என்னும் தொடர் இன்றும் எளிதில் வந்துவிடுகிறது. வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், சவ்வாது மலையடிவாரத்தில் உள்ள அமிர்தியிலும், அங்கிருந்து ஜமுனாமரத்தூர் நோக்கி ஏறும் சாலையை ஒட்டிய மலையாளிப் பழங்குடியினர் ஊர்களிலும் நுண்ணறிவை அளக்கப் புகுவோர், அம்மலைக்குக் கீழே சமவெளியில் நிகழ்ந்த ஓர் ஆய்வைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட அவ்வாய்வு, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆராய்ந்தது. கரும்பைத் தேர்ந்ததில் நுட்பம் உண்டு. ஆண்டு வருவாயின் பெரும்பகுதி அறுவடைக்குப் பின் மொத்தமாக வருகிறது. ஆலையின் வெட்டு உத்தரவோ பல திங்கள்களுக்குப் பரவி நிற்கிறது. ஆகவே ஒரே திங்களில் ஒருவர் பணம் பெற்றிருப்பார், அடுத்த வயல்காரர் காத்திருப்பார். பருவநிலையின் தாக்கத்தைப் பணத்தின் தாக்கத்தினின்று பிரித்தறிய இது வழிசெய்தது. மேலும், இங்கு ஒப்பிடப்பட்டோர் ஏழையும் செல்வரும் அல்லர். அதே விவசாயியே அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதிக்கப்பட்டார். வடிவங்களின் ஒழுங்கைக் கண்டறியும் ரேவன் சோதனையில் சரியான விடைகளின் சராசரி 4.35-லிருந்து 5.45-ஆக உயர்ந்தது. கவனக் கட்டுப்பாட்டை அளக்கும் ஸ்ட்ரூப் சோதனைக்கு எடுத்துக்கொண்ட நேரம் 146 நொடியிலிருந்து 131 நொடியாகக் குறைந்தது. அறுவடைக்கு முன் 78 விழுக்காட்டினர் பொருளை அடகுவைத்திருந்தனர். பின்னர் 4 விழுக்காட்டினரே. வட்டி, தவணை, கைமாற்று என ஓயாது கணக்கிடும் மனத்தில் பிறிதொன்றுக்கு இடம் சுருங்குகிறது என்பது ஆய்வாளர் தரும் விளக்கம்.

இம்முடிவை அப்படியே ஏற்பதும் பொருந்தாது. இதே கட்டுரையின் மற்றொரு பகுதியான அமெரிக்க அங்காடிச் சோதனைகளில் வருவாயை இரு கூறாகப் பிரித்தமை குறித்து விச்செர்ட்ஸ், ஸ்கால்டன் ஆகியோர் மறுப்பு எழுதினர். அமெரிக்கக் குறைவருவாயினரைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த கார்வாலோ, மெய்யர், வாங் ஆகியோரின் ஆய்வு (2016) அறிதிறனில் வேறுபாடு காணவில்லை. என் கருத்தில், இது தமிழக ஆய்வை வீழ்த்துவதன்று; அதன் எல்லையை வரையறுப்பது. சில நாள் நெருக்கடி வேறு, ஆண்டு முழுதும் ஒரு விளைச்சலை நோக்கியிருப்பது வேறு.

சவ்வாது மலையின் சாமை வேளாண்மை இரண்டாம் வகையைச் சார்ந்தது. மானாவாரி நிலம், மழை பொய்த்தால் காத்திருந்த வருவாயும் இல்லை. ஆனால் சாமை, கரும்பைப்போல் ஊருக்கு ஊர் திங்கள் மாறி அறுக்கப்படுவதில்லை. ஏறத்தாழ ஒரே பருவத்தில் விளைகிறது. எனவே சமவெளி ஆய்வின் வடிவத்தை இங்கு அப்படியே பெயர்த்துவைக்க இயலாது. பருவத்தையும் பணத்தையும் பிரித்துக் காட்ட, கூலிக்கு வெளியூர் செல்லும் குடும்பங்களையோ புளி, தேன் முதலிய வனப்பொருள் வருவாய் உள்ள குடும்பங்களையோ உடன் சேர்த்து ஒப்பிடலாம். குறைந்த அளவு, மலைப்பள்ளி மாணவரின் மதிப்பெண்ணையோ பெற்றோரின் விடைகளையோ பதிவுசெய்யும் ஆய்வேடு, எத்திங்களில் அவை பெறப்பட்டன என்பதையும், அப்போது அவ்வீட்டில் சாமை இருந்ததா, கடன் இருந்ததா என்பதையும் அட்டவணையில் தனி நிரலாகச் சேர்த்தல் வேண்டும்.