எஞ்சினும் இயங்கு புள்ளிகளும்

பினாங்குப் பாலத்தில் சீராக விரையும் கார், ஜார்ஜ்டவுன் லெபு பசாரில் ஊர்ந்தும் நின்றும் நகர்கிறது. எஞ்சின் ஒன்றே, அதன் நிலைகளோ பல. சுழற்சி வேகமும் சுமையும் இணைந்து குறிக்கும் ஒவ்வொரு நிலையையும் 'இயங்கு புள்ளி' என்கிறோம்.

தீப்பொறி எழும் நேரம், பாயும் எரிபொருளின் அளவு முதலியவற்றை இப்புள்ளிகளுக்கேற்ப வகுத்து, எஞ்சினின் கணினியில் அட்டவணையாகப் பதிக்கின்றனர். எல்லாப் புள்ளிகளையும் சோதனை மேடையில் அளத்தல் இயலாது. எனவே சிலவற்றை அளந்து, இடைப்பட்டவற்றைக் கணித்துக்கொள்கின்றனர். எஞ்சின் நெடுநேரம் தங்கும் புள்ளிகளுக்கு மிகுந்த எடைமதிப்புத் தந்து, புகையின் வரம்பு மீறாமல் மொத்த எரிபொருட் செலவைக் குறைப்பதே உகப்பாக்கம். முழுச்சுமை அரிதாயினும், எஞ்சினின் பாதுகாப்புக் கருதி அதனையும் சேர்த்தல் வேண்டும்.

அந்த எடைமதிப்பை எங்கிருந்து பெறுவது? ஐரோப்பாவின் பழைய சோதனை ஓட்டம் 1180 வினாடிகளில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். முடுக்கம் மிக மென்மையானது. 2017இல் அங்கு நடைமுறைக்கு வந்த புதிய ஓட்டமோ 1800 வினாடிகளில் ஏறத்தாழ 23 கிலோமீட்டர். வேகமும் முடுக்கமும் மிகுதி. பழையதற்கென்றே புள்ளிகளைத் தேர்ந்த எஞ்சின், எதிர்பார்த்த வினாக்களை மட்டும் படித்த மாணவனை ஒத்தது. சோதனையில் அது தேறும், சாலையில் தடுமாறும்.

நம் நகருக்குப் புள்ளிகளைத் தேர்வோர், நின்ற நிலையையும் ஊரும் வேகத்தையும் புறக்கணித்தலாகாது. அப்புள்ளிகளில் எழும் புகையைச் சுவாசிப்போர், ஐந்தடி நடைபாதையில் செல்லும் நாமே.