சுற்றுலா விசாவில் சொந்த ஊர்

மே 18, முற்பகல். முள்ளிவாய்க்கால் நினைவிடத்தில், போரில் இறந்தவர்களுக்காகப் பொதுச்சுடர் ஏற்றப்படுகிறது. அங்கே கூடி நிற்பவர்களை ஐ.நா.வின் சுற்றுலாப் புள்ளிவிவர விதிகளின்படி பிரித்துப் பார்ப்போம். ரொறன்ரோவிலிருந்து வந்து, புதுக்குடியிருப்பில் தங்கை வீட்டில் இரண்டு கிழமை நிற்பவர் சர்வதேசச் சுற்றுலாப் பயணி. யாழ்ப்பாணத்தில் விடியப்புறம் பஸ் ஏறி, பின்னேரமே திரும்பிப் போகிற மாணவர் உள்நாட்டு ஒருநாள் வருகையாளர். பக்கத்து வளவிலிருந்து கஞ்சிச் சட்டியோடு வந்து சிரட்டையில் வார்த்துக் கொடுக்கும் ஆச்சிக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அது அவருடைய வழக்கமான சூழல். பக்கத்து முகாமில் கடமையிலிருக்கும் சிப்பாயையும் எண்ணுவதில்லை.

விதி சிக்கலானதல்ல. வழக்கமாக வாழ்ந்து புழங்கும் சூழலை விட்டு, ஓர் ஆண்டுக்குக் குறைவான காலத்துக்கு வேறிடம் போகிறவர், போன இடத்து நிறுவனத்திடம் வேலைக்கு அமரப் போகவில்லையென்றால் அவர் வருகையாளர். ஓர் இரவாவது தங்கினால் சுற்றுலாப் பயணி. 1937இல் சர்வதேச சங்கம் 24 மணிநேரத்தை அளவாக வைத்தது. 1963 ரோம் மாநாட்டிலும் பிறகும் திருத்தப்பட்டு, இப்போது நாடுகள் பின்பற்றுவது 2008ஆம் ஆண்டுப் பரிந்துரை. பொழுதுபோக்குக்காகத்தான் வரவேண்டும் என்று அதில் இல்லை. உறவினரைப் பார்ப்பது, செத்தவீட்டுக்குப் போவது, யாத்திரை, வைத்தியம், தொழில்முறைக் கூட்டம் எல்லாமே அடக்கம். குடியுரிமையையும் அது பார்ப்பதில்லை. வதியும் நாட்டைத்தான் பார்க்கிறது. இலங்கைக் கடவுச்சீட்டோடு பாரிஸில் வதிகிறவர் ஊருக்கு வந்தாலும் அந்த விதிப்படி வருகையாளர்தான்.

அகதிகளும் இடம்பெயர்க்கப்பட்டவர்களும் இந்த எண்ணிக்கைக்கு வெளியே. 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து, ஓமந்தையில் பதியப்பட்டு, மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டவரை அன்று எந்தச் சுற்றுலாப் புள்ளிவிவரமும் எண்ணவில்லை. அவரே பின்னர் கனடாக் கடவுச்சீட்டோடு அதே பாலத்தால் வரும்போது நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவருபவராக எண்ணப்படுகிறார். எண்ணப்படுவதில் தவறில்லை. ஆனால் 'நான் சுற்றுலாப் பயணிதானே, எனக்கென்ன' என்று அந்த எண்ணிக்கையை ஒரு காப்பாக நம்பி வருகிறார்களே, ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

இந்த விதிகளின் பின்னால் நிற்கும் அமைப்பு எது? 1970 செப்டெம்பர் 27இல் மெக்சிக்கோ நகரில் சாசனம் ஏற்கப்பட்டு, 2003இல் ஐ.நா.வின் சிறப்பு முகவர் நிறுவனமாகி, 2024 முதல் 'ஐ.நா. சுற்றுலா' என்று பெயர் சூட்டிக்கொண்ட அமைப்பு. தலைமையகம் மாட்ரிட். இலங்கை அதில் உறுப்பு நாடு. செப்டெம்பர் 27 உலக சுற்றுலா நாளானதும் அந்தச் சாசனத்தால்தான். இது நாடுகளுக்குப் புள்ளிவிவர முறையும் கொள்கை ஆலோசனையும் பயிற்சியும் தருகிறது. 1999இல் சாந்தியாகோவில் உலகச் சுற்றுலா நெறிக்கோவை ஒன்றையும் ஏற்றது. பயணிகள் நாட்டுக்குள் தடையின்றி நடமாட வேண்டும் என்கிறது அதன் 8ஆவது உறுப்புரை. கூடவே, சர்வதேசச் சட்டத்துக்கும் உள்நாட்டுச் சட்டத்துக்கும் அமைய என்றும் சொல்லிவிடுகிறது. அந்தப் பின்பாதியில்தான் எல்லாம் இருக்கிறது. நெறிக்கோவை யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. மாட்ரிட்டுக்குக் கடிதம் போட்டு எவரும் விடுதலையானதில்லை. அதற்காக அமைக்கப்பட்ட நிறுவனமுமல்ல அது.

உள்நாட்டு விதி எப்படி மாறும் என்று பாருங்கள். 2011 ஜூலையில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் வடக்கே வரப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெறவேண்டும் என்ற கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2014 ஒக்டோபரில் அது திரும்பவும் வந்தது. கொழும்பில் முறையாக விசா பெற்றிருந்தவர்களும் ஓமந்தைச் சோதனைச்சாவடியோடு திரும்ப வேண்டியதாயிற்று. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் மறுபடி நீக்கினார்கள். இத்தனைக்கும் நெறிக்கோவையில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

ஆகவே கையிலிருக்கும் விசா என்ன சொல்கிறது என்பதை முதலில் வாசியுங்கள். சுற்றுலாவுக்கான இலத்திரனியல் பயண அனுமதி பொதுவாக 30 நாட்களுக்குத் தரப்படுவது. காலம் முடிய முன்னர் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் நீடிக்கலாம். ஊர் பார்ப்பதற்கும் உறவினரைப் பார்ப்பதற்கும் அது போதும். சம்பளத்துக்கோ சம்பளமில்லாமலோ வேலை செய்ய அது இடம் தராது. 'ஒரு மாதம் நிற்கிறேன், முல்லைத்தீவுப் பள்ளிக்கூடத்தில் இலவசமாக ஆங்கிலம் படிப்பிக்கிறேன்' என்று நல்ல மனதோடு வரும் பிள்ளைகள் இதை அறிவதில்லை. ஊடக வேலைக்கும் தனி விசா வேண்டும். வெளிநாட்டுப் பத்திரிகைக்குச் செய்தி சேகரிக்க வருகிறவரை ஐ.நா. வரைவிலக்கணம் வருகையாளராக எண்ணும். சுற்றுலா விசாவில் அதே வேலையைச் செய்தால் திணைக்களம் அவரை விதிமீறியவராகப் பார்க்கும்.

2013இன் கடைசியில் வன்னியில் இரண்டு தடவை இது நடந்தது. 'ஆடுகளம்' படத்தில் நடித்த கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன் நோர்வேக் குடிமகன். அந்த நவம்பரில் மாங்குளத்தில், விசா நிபந்தனையை மீறினார் என்று கைதாகி நாடு கடத்தப்பட்டார். தாயின் சமாதியைப் பார்க்க வந்ததாக அவர் சொன்னார். கூட்டங்களில் பேசியது குற்றம் என்றது அரச தரப்பு. அடுத்த மாதமே தமிழ்நாட்டுப் பத்திரிகையாளர் மகா. தமிழ்ப் பிரபாகரன், சுற்றுலா விசாவில் வந்து படையினரின் இடங்களைப் படமெடுத்தார் என்று கிளிநொச்சி மாவட்டத்தில் பிடிக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். சமாதிக்குப் போவது எந்த விசாவிலும் குற்றமல்ல. போன இடத்தில் ஒலிவாங்கியைப் பிடித்ததும் கதை மாறிவிடுகிறது. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதே என் பதில். ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டு வருவதுதான் புத்தி.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு ஒரு சொல். இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றதும் இலங்கைக் குடியுரிமை இல்லாமல் போகிறது. விண்ணப்பித்துத்தான் மீளப் பெறவேண்டும். 2011இல் நிறுத்தப்பட்ட அந்த நடைமுறை 2015இல் திரும்பத் தொடங்கியது. பெற்றிருந்தால் இலங்கைக் கடவுச்சீட்டில் வாருங்கள். அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை தரும் பேச்சுச் சுதந்திரமும், கூடும் சுதந்திரமும், நாடெங்கும் நடமாடும் சுதந்திரமும் குடிமக்களுக்கே உரியவை. சுற்றுலா விசாக்காரர் அந்த உறுப்புரையை நீட்டிக் கேட்க முடியாது.

அதற்காக அவர் வெறுங்கையர் அல்லர். சித்திரவதைக்கு எதிரான 11ஆவது உறுப்புரையும், கைதின் காரணத்தைச் சொல்லவேண்டும், நீதிபதி முன் நிறுத்தவேண்டும் என்கிற 13ஆவது உறுப்புரையும் எந்த நாட்டவருக்கும் பொருந்தும். தன் தூதரகத்துக்கு அறிவிக்கும்படி கேட்கும் உரிமையை 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது உறுப்புரை தருகிறது. கேட்டால்தான் அறிவிப்பார்கள், வாய் திறந்து கேளுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தால் 48 மணிநேரத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்கவேண்டியது அதிகாரியின் கடமை. வீட்டார் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஆணைக்குழுவை 1996 என்ற இலக்கத்தில் உடனே அழையுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் போடவேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. விடுதிக்காரர் ஏமாற்றினார், வாகனக்காரர் கூடக் காசு கேட்டார் என்பவற்றுக்கு வேறு வழி: சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் 1912 என்ற இலக்கம்.

சட்டத்தைவிட விரைவாக ஆளைக் கொல்வது நிலத்துக்குள் கிடப்பது. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது, நிலத்தின் பெரும்பகுதி துப்புரவாகிவிட்டது. என்றாலும் வன்னியில் காணி திருத்தும்போது வெடிபொருள் அகப்படுவது இன்றும் செய்தியாகிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் இடத்தில் பழைய வீட்டு அத்திவாரத்தைத் தேடி உள்ளே போகாதீர்கள். துருப்பிடித்த எதையும் நினைவுக்கென்று எடுக்காதீர்கள். அது பிள்ளைகளின் கைக்குப் போய்விடும்.

இதுவரை சொன்னது வருகிறவருக்கு. பார்க்கப்படுகிறவருக்கும் உரிமை உண்டு. போர் முடிந்த கையோடு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். கிளிநொச்சியில் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி, புதுக்குடியிருப்பு வெற்றிச் சின்னம், 2013 ஒக்டோபரில் இராணுவமே தகர்த்த, புலிகளின் தலைவருடைய பதுங்குமாளிகை, முள்ளிவாய்க்கால் கடற்கரையில் தரைதட்டிக் கிடந்த ஃபாரா 3 கப்பல் என்று வரிசையாகக் காட்டினார்கள். சொந்தக் காணிக்குப் போக முடியாதவர்கள் தெருவோரம் நின்று அந்த பஸ்களைப் பார்த்தார்கள். நந்திக்கடலோரம் 'லகூன்ஸ் எட்ஜ்' விடுதியை நடத்தியதும் இராணுவந்தான். அதே நெறிக்கோவையின் 5ஆவது உறுப்புரை, சுற்றுலாவின் பயன் உள்ளூர் மக்களுக்கு நியாயமாகப் பகிரப்பட வேண்டும் என்கிறது. முள்ளிவாய்க்காலில் அது நடந்தது என்று யாரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது.

நெறிக்கோவை கட்டுப்படுத்தாது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் கட்டுப்படுத்தும். உங்கள் ஊரில் எழும்பும் விடுதி யாருடைய காணியில் நிற்கிறது, குத்தகை யாருக்கு, எத்தனை வருடத்துக்கு என்று குடிமகன் எவரும் பிரதேச செயலகத்தில் தமிழிலேயே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதன் மேல் தகவலறியும் உரிமை ஆணைக்குழு உண்டு. வீட்டில் ஓர் அறையை விருந்தினருக்கு விட விரும்புகிறவர்களும், வழிகாட்டி உரிமம் பெற விரும்பும் இளையவர்களும் சுற்றுலா அதிகார சபையில் பதியலாம். ஊரின் கதையை ஊரவர் சொல்ல அது ஒரு வழி. எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி தரவேண்டியது தகவல் அலுவலரின் கடமை. அதை வாங்காமல் கந்தோரை விட்டு வராதீர்கள்.