கலத்தின் கொழுப்புக் கதவு



குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குக் கடல்வழியே செல்ல ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். காய்ச்சல் முற்றிய பிள்ளையுடன் யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்படும் தாய்க்கோ அது ஒரு யுகமாகத் தோன்றும். அக்காய்ச்சல் டெங்குவாயின், பிள்ளையின் உடலில் நிகழ்வது யாது?

வைரசு தானாக உண்பதுமில்லை, தானாகப் பெருகுவதுமில்லை. உயிருள்ள கலத்தினுள் புகுந்தாலன்றி அதற்கு வாழ்வில்லை. கலத்தைச் சூழ்ந்துள்ள மென்சவ்வோ ஈரடுக்குக் கொழுப்பாலானது. டெங்கு வைரசின் உறையிலும் கொழுப்புண்டு. அது வைரசு ஆக்கிக்கொண்டதன்று; முன்பு தான் உருவான கலத்திலிருந்து கவர்ந்து வந்தது.

அவ்வுறையிலுள்ள பொஸ்பற்றிடைல்செரின் என்னும் கொழுப்பு, நலமான கலத்தில் மென்சவ்வின் உட்புறத்திலேயே இருக்கும். கலம் இறக்கும்போது வெளியே தோன்றும். அதைக் கண்டு இறந்த கலங்களை விழுங்கி அகற்றுவது உடலின் வழக்கம். அதே அடையாளத்தைத் தாங்கி வரும் வைரசையும் சில கலங்கள் குப்பையென மயங்கி உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

உள்ளே சென்றதும் அது ஒரு சிறு பையில் அடைபடுகிறது. பையில் அமிலத்தன்மை ஏற, வைரசின் புரதம் உருமாறிப் பையின் சவ்வைப் பற்றுகிறது. அச்சவ்வில் எதிர்மின்னேற்றமுடைய கொழுப்புகள் இருந்தாற்றான் இரு சவ்வுகளும் செவ்வனே இணைந்து வழி திறக்கும். அமிலம் திறவுகோலென்றால், கொழுப்பே பூட்டு எனலாம்.

கொரோனா வைரசுக்கும் கொழுப்புறை உண்டு; 2020ஆம் ஆண்டில் நாம் கைகழுவிய சவர்க்காரம் அதனைச் சிதைத்தது. டெங்குவையோ நுளம்பு தோலினுள் செலுத்துவதால், அங்கே சவர்க்காரத்துக்கு வேலையில்லை.

ஆகவே நுளம்பையே தடுத்தல் வேண்டும். நன்னீர் அரிதான தீவகத்தில் தொட்டியிலும் பீப்பாயிலும் நீர் சேமிப்பது தவிர்க்கவியலாதது. உவர்நீரென்று அசட்டையாயிருத்தலும் ஆகாது. இலங்கையின் கரையோரங்களில், கைவிடப்பட்ட படகுகளிலும் கிணறுகளிலும் தேங்கிய உவர்நீரிலும் டெங்கு நுளம்புகள் வளர்வதை ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். தொட்டிகளை மூடிவையுங்கள், வாரமொருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டைகள் அங்கேதான் ஒட்டியிருக்கும்.

காய்ச்சல் கண்டால் அஸ்பிரின் கொடாதீர்கள். காய்ச்சல் தணியும் வேளையிலேயே ஆபத்து தொடங்கலாம். வயிற்றுவலியோ, ஓயாத வாந்தியோ, குருதிக்கசிவோ காணின் விடியட்டுமென்று காத்திராதீர்கள். நம் கலங்களின் கதவை நாம் தாழிட இயலாது. தண்ணீர்த் தொட்டியை மூட இயலும்.